உழைக்கிற உடம்பும் மீள்கிற உடம்பும்

உடம்பறிவோம் – 11

போன வாரம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தோம். அந்த எண்கள் சரியாக இருந்தால் நிம்மதிதான். ஆனால் அது முதல் படி. ரிப்போர்ட்டில் எல்லாம் சரி, ரயில் நிலையப் படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பவர்கள் எத்தனை பேர்! நோயில்லாமைக்கு மேலே, அன்றாட வேலையைத் தளராமல் செய்கிற தெம்பு. அதற்கும் மேலே, முழு மூச்சில் ஓடிவிட்டு உடனே மறுபடி ஓடத் தயாராகிற உடற்தகுதி. மூன்றையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமானால் கோவில்பட்டிக்கு வரலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது கடலைமிட்டாய் ஊர். உள்ளூரில் ஹாக்கிதான் பேச்சு. 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார். இங்குள்ள அரசு விளையாட்டு விடுதியில் பயின்ற அரியலூர் கார்த்தி செல்வமும் இருந்தார். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார்.

ஹாக்கியில் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி. ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முன்கள ஆட்டக்காரர் சில நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடுவார், வெளியே வந்து உட்காருவார், மூச்சு அடங்கியதும் மறுபடி இறங்குவார். இந்தத் திறனை அளக்கத்தான் யோ-யோ சோதனை. டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கியது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. ‘பீப்’ கேட்டதும் ஓடி, அடுத்த பீப்புக்குள் எதிர்க்கோட்டைத் தொட்டு, அதற்கடுத்ததற்குள் திரும்பிவிட வேண்டும். பிறகு 10 விநாடி மெல்ல நடக்கலாம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணமாகத்தான் தொடங்கும். போகப் போக வேகம் ஏறும். ஓய்வு மட்டும் அதே 10 விநாடி. இரண்டாம் முறை பிந்தினால் வெளியே. கால் சம்மதித்தும் நெஞ்சு சம்மதிக்காத இடம் எது என்பது அங்கே தெரிந்துவிடும்.

இப்படி மீள்வது ஆட்டக்காரர்களின் கவலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். உடற்பயிற்சியை நிறுத்திய முதல் நிமிடத்தில் இதயத்துடிப்பு 12க்கு மேல் குறையாதவர்களுக்கு மரண ஆபத்து கூடுதல் என்று 1999இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் மருத்துவர்கள் கண்டார்கள்.

இனி இதே ஊரின் தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வருவோம். இயந்திரம் வந்து கை வேலை குறைந்திருக்கிறது. ஆனாலும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற பெண்கள் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. விரல்கள் பறக்கும், கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கும், தொடைக்கும் நெஞ்சுக்கும் அங்கே வேலையே கிடையாது. கரிசக்காட்டில் களை வெட்டுகிறவர்கள் மணிக்கணக்கில் குனிந்தபடி இடுப்பை ஒடிக்கிறார்கள். “நாள் பூரா உழைக்கோம், எங்களுக்கு எதுக்குய்யா எக்சர்சைஸ்?” என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் எல்லா உழைப்பும் ஒன்றல்ல. லண்டன் மாடி பஸ்களில் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட இதய நோய் குறைவு என்று 1953இல் ஜெரி மோரிஸ் காட்டினார். ஏறினார்கள், நின்றார்கள், மறுபடி ஏறினார்கள். ஆனால் ஓய்வே இல்லாத கடும் உழைப்பு அப்படி இதயத்தைக் காப்பதாகத் தெரியவில்லை என்கிறார் டென்மார்க் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன். நாள் முழுக்க ரத்த அழுத்தத்தை உயர்த்தியே வைத்து, மீள நேரம் தராத உழைப்பு உடம்பைத் தேய்க்கிறது. கூலிக்காரர்களைச் சோம்பேறி என்று சொல்லி யாராவது அறிவுரை தர வந்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அவர்களுக்குக் குறைவது உழைப்பு அல்ல, ஓய்வு.

இன்னொன்றும் குறைகிறது: ரத்தம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை; மேலும் குறையக் குறையச் சின்ன வேலைக்கே இதயம் வேகமாக அடிக்கும். “ஒரே அசதியா இருக்கு” என்பதை வயசின் மேல் போட்டுவிட்டு எத்தனையோ பேர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கம்மங்கூழில் இரும்புச்சத்து உண்டு. கையோடு டீ குடித்தால் உடம்பு அதை எடுப்பது குறையும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கால் பலத்தை அறிய வீட்டிலேயே செய்ய ஒரு சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு உட்காருங்கள். கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60-64 வயதில் பெண்கள் 12க்கும், ஆண்கள் 14க்கும் குறைந்தால் காலில் பலம் போதவில்லை. முட்டியில் வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யவும்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் குறிக்கிற நோட்டில் ஹீமோகுளோபினுக்கு ஒரு கட்டமும், இந்த நாற்காலி எண்ணிக்கைக்கு ஒரு கட்டமும் வேண்டும். ஹாக்கிப் பையன்களின் மூச்சை விநாடிக் கணக்கில் அளக்கிற ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் அக்காக்களுக்கும் அந்தக் கவனிப்பு கிடைக்க வேண்டும்.

(தொடரும்)