முதலாளி யாரை விசாரிக்கிறார்?

மும்பையின் சயான் ரயில் நிலையத்தின் மேற்கே இறங்கித் தாராவிக்குள் நுழைபவர், தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்ததியார் இன்றும் நடத்திவரும் தோல் கார்கானாக்களைக் காண்பார். அவற்றுக்கு நேர்ந்த சோதனைகள் கொஞ்சமல்ல. 2015 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் ஏற்கெனவே தடைப்பட்டிருந்த பசுவதையோடு காளை, எருது வதையும் தடையாயிற்று. 2016 நவம்பர் 8 இரவு பெரிய நோட்டுகள் செல்லாமற் போயின. எட்டு மாதத்திற்குள் ஜி.எஸ்.டி. வந்தது, 2020 ஏப்ரலில் தாராவிக்குள் கொரோனா வந்தது.

இவை முன்கூட்டிக் கணிக்க முடியாதவை. கணக்கிட்டு இன்ஷூரன்ஸ் செய்துகொள்ளக்கூடிய அபாயம் வேறு, எந்தக் கணக்குக்கும் பிடிபடாத அநிச்சயம் வேறு என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஃபிராங்க் நைட் 1921-இல் பேதப்படுத்திக் காட்டினார். கார்கானாவில் தீப்பிடிப்பது முன்னது. நாளை எந்தச் சட்டம் வரும் என்பது பின்னது. பின்னது தலைமேல் நிற்கையில் நிர்வாகி தேடிப் போவது காகிதத்தையன்று, மனிதரையே என்பதை, நிர்வாகவியல் அறிஞர் ஃபிரான்சிஸ் அகிலார் 1967-இலும், நிர்வாகிகளின் அன்றாட வேலையை உடனிருந்து கவனித்த ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 1973-இலும் எடுத்துக்காட்டினர்.

இது சோம்பலால் நேர்வதன்று. சென்னைப் பெரியமேட்டுத் தோல் வியாபாரிக்குப் போன் போட்டு, "பாய், சரக்கு எப்படி?" என்று கார்கானா முதலாளி கேட்க, "பத்து நாள் பொறுங்கண்ணே" என்று பதில் வருமானால், அந்த மூன்று சொற்களில் வரத்தும், வரப்போகும் விலையும், பதில் சொன்னவருக்குக் கடன் கொடுக்க விருப்பமா என்பதும்கூட, குரலின் தயக்கத்தோடு சேர்ந்து விளங்கிவிடுகின்றன; அச்சடித்த அறிக்கையையோ மறுகேள்வி கேட்க முடியாது.

ஆயினும் இந்த வழக்கத்திற்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒரே டீக்கடையில் பிறந்த வதந்தி பத்து வாய்களில் வரும்போது பத்துச் சாட்சிகளாகத் தோற்றமளிக்கிறது. நிர்வாகவியல் அறிஞர் ரிச்சர்ட் டாஃப்டும் சகாக்களும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், அநிச்சயம் மிகும்போது நன்கு நடக்கும் நிறுவனங்களின் தலைவர்கள் மற்றவர்களைவிட அடிக்கடியும், பல திசைகளிலும் விசாரிப்பதாகக் கண்டனர். வேறு தொழில், வேறு ஊர், வேறு பாஷைக்காரர் ஒருவரையேனும் கேட்பது அவசியம் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் 2004-இல் அறிவிக்கப்பட்டு, 2022 நவம்பரில் அதானி குழுமத்தின் டெண்டர் தேர்வான தாராவிப் புனரமைப்பு விஷயத்தில் டீக்கடையும் பெரியமேடும் பயன்படா. மாடியிலுள்ள தன் கார்கானா புனரமைப்புக் கணக்கெடுப்பில் ஏறுமா, ஏறினால் எங்கே இடம் என்று ஒரு முதலாளி கேட்கும் கேள்விக்கு விடை சர்க்கார் காகிதத்தில்தான் இருக்கிறது; அதை அந்த முதலாளி படிக்கக்கூடிய தமிழில், கேட்டவுடன் அதிகாரிகள் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.