முகராமல் திரும்பிய சுண்டெலி

மூன்று அறைகள் கொண்ட ஒரு பெட்டி. ஓரத்து அறையில், கம்பிக் கூண்டுக்குள் முன்பின் தெரியாத ஒரு சுண்டெலி. எதிர் ஓரத்திலும் கூண்டு உண்டு. உள்ளே எலி இல்லை. நடு அறையில் விடப்படும் சுண்டெலி இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு, எலி இருக்கும் கூண்டையே சுற்றி வரும். மீசை துடிக்க, கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்து முகரும். எலிகள் குசலம் விசாரிப்பது மூக்கால்தான்.

2011இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் டைசராத்தின் குழு, இந்த விசாரிப்பை நீல ஒளியால் நிறுத்திக் காட்டியது.

பச்சைப் பாசியில், ஒளி பட்டதும் கதவுபோல் திறக்கும் புரதம் ஒன்று இருக்கிறது. அதன் மரபணுவை மூளைச் செல்லில் ஏற்றிவிட்டால் ஒளியே சுவிட்ச் ஆகிவிடும். ஓரிரு நொடி ஒளிக்கே பல நிமிடங்கள் திறந்திருக்கும்படி அந்தப் புரதத்தை இவர்கள் மாற்றியமைத்தார்கள். அதனால் ஒளி பாய்ச்சிய இழையைக் கழற்றிவிட்டு எலியை அதன் போக்கில் விடலாம்.

மூளைப் புறணியில் தூண்டும் செல்களே அதிகம். அடக்கும் செல்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். முன்நெற்றிப் புறணியில் தூண்டும் செல்களை ஒளியால் உசுப்பிவிட்டதும், சுண்டெலி சக எலியைச் சட்டை செய்யவில்லை. நடமாட்டம் குறையவில்லை, புதிய பொருளைக் கண்டால் வழக்கம்போல் ஆராய்ந்தது. போனது உறவாடும் ஆசை.

செல்கள் சோர்ந்ததால் வந்த வினையல்ல இது. அவை ஓயாமல் துடித்தன. ஆனால் வந்து சேரும் செய்தியில் குறைவான பங்கையே கடத்தின. சந்தை இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு அமுங்கிப்போவதுபோல. அடக்கும் செல்களையும் சேர்த்து எழுப்பியபோது, எலியின் பழைய நாட்டம் ஓரளவு திரும்பியது.

தூண்டலுக்கும் அடக்கலுக்கும் இடையிலான சமநிலை குலைவதே ஆட்டிசத்தின் சில வகைகளுக்கு அடிப்படையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஜான் ரூபன்ஸ்டைனும் மைக்கேல் மெர்செனிக்கும் 2003இல் எழுதியிருந்தார்கள். சுண்டெலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் 2017இல் டைசராத் குழு இன்னொரு படி ஏறியது. ஆட்டிசத்தோடு தொடர்புடைய ‘சிஎன்டிநாப்2’ மரபணு இல்லாமல் பிறந்து வளர்ந்த எலிகளில், ஒளியால் தூண்டும் செல்களைத் தணித்தார்கள். வேறு சிலவற்றில் அடக்கும் செல்களை எழுப்பினார்கள். இரு வழியிலும் எலிகள் சக எலியை நாடின.

மரபணு திரும்பி வரவில்லை. இரைச்சல் குறைந்ததும் மூக்கு மட்டும் நீண்டது.