ஜன்னல் மாட்டிக்கிச்சா? 8,000 டாலர் கோட்டேஷன்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

அமெரிக்காவுல வேலை பார்த்துட்டு, சமீபத்துல அங்கேயே முதல் வீடு வாங்கின நம்ம சேனல் நண்பர்களுக்கான பதிவு இது.

அங்கே பல வீடுகள்ல, முக்கியமா பழைய வீடுகள்ல, இருக்கிறது 'டபுள் ஹங்' ஜன்னல். நம்ம ஊர் ஜன்னல் மாதிரி கதவு போலத் திறக்காது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு கண்ணாடிச் சட்டம் மேலும் கீழும் நகரும். இந்தச் சட்டத்துக்குப் பேரு 'சாஷ்'.

ஒருநாள் சாஷ் நகராம இறுகிடும். இல்லன்னா தூக்கி விட்டதும் 'டமால்'னு கீழே விழும். உடனே ஜன்னல் கம்பெனியைக் கூப்பிடுவோம். வர்ற சேல்ஸ்மேன், "வீடு முழுக்க மாத்திடுங்க, மாசத் தவணையில கட்டலாம்"னு சொல்வார். ஒரு ஜன்னலுக்கு 800 டாலர்னு வெச்சுக்கிட்டாலே, 10 ஜன்னலுக்கு 8,000 டாலர்!

ஆனா பல நேரம் கெட்டுப்போனது ஜன்னல் இல்ல. உள்ளே இருக்கிற 'பேலன்ஸ்'ங்கிற சின்ன பாகம்தான்.

பேலன்ஸ்னா என்ன?

லிஃப்ட் மேல போகும்போது பின்னாடி ஒரு எதிர் எடை இறங்கும் இல்லையா? அதே கதைதான். பழைய மர ஜன்னல்ல, பக்கச் சட்டத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இரும்புக் குண்டு, கயிறு வழியா சாஷைத் தாங்கும். புது வினைல் ஜன்னல்ல குண்டுக்குப் பதிலா ஸ்பிரிங் இருக்கும். சாஷோட எடையை இதுதான் சுமக்குது. அதனாலதான் நம்மால ஒரு கையால தூக்க முடியுது.

10 நிமிஷத்துல நீங்களே கண்டுபிடிக்கலாம்

1. மர ஜன்னல் அசையவே மாட்டேங்குதா? முதல்ல லாக் திறந்திருக்கான்னு பாருங்க. அடுத்த சந்தேகம் பெயின்ட். பல தடவை அடிச்ச பெயின்ட் இடுக்கை ஒட்டிடும். கத்தியால அந்தக் கோட்டைக் கீறி, மரத்துண்டு வெச்சு மெதுவா தட்டினாலே பெரும்பாலும் விட்டுடும். ஸ்க்ரூடிரைவரால நெம்பாதீங்க, மரம் பிளந்துடும்.

2. வினைல் ஜன்னல் இறுக்கமா நகருதா? பக்கவாட்டு டிராக்கைத் துடைச்சு, சிலிக்கான் ஸ்ப்ரே அடிங்க. எண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டும்.

3. தூக்கினா கீழே விழுதா? மர ஜன்னல்னா கயிறு அறுந்திருக்கும். வினைல்னா பேலன்ஸ்ல நூலோ ஸ்பிரிங்கோ போயிருக்கும்.

4. ஒரு பக்கம் சாய்ஞ்சு ஏறுதா? ரெண்டு பேலன்ஸ்ல ஒண்ணு உடைஞ்சிருக்கலாம், இல்ல சாஷோட பிடியிலேர்ந்து கழண்டிருக்கலாம். கழண்டதுன்னா திரும்ப மாட்டினா போதும், செலவே இல்ல.

ரிப்பேர் செலவு எவ்வளவு?

கயிறு சில டாலர்தான். ஸ்பிரிங் பேலன்ஸ் ஒண்ணு பெரும்பாலும் 10-லேர்ந்து 30 டாலருக்குள்ள கிடைக்கும். வாங்கும்போது பழைய பேலன்ஸ் மேல குத்தியிருக்கிற நம்பர், அதோட நீளம், சாஷோட எடை மூணையும் குறிச்சுக்குங்க. எடைக்கு வீட்டுல இருக்கிற வெயிங் மெஷினே போதும். ஒண்ணுதான் உடைஞ்சிருந்தாலும் ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்துங்க. இல்லன்னா சாஷ் ஒரு பக்கமா இழுக்கும்.

காசு போடறதுக்கு முன்னாடி கண்ணாடி ஓரத்துல பொறிச்சிருக்கிற கம்பெனி பேரைப் பாருங்க. சில கம்பெனிகள் பேலன்ஸுக்கு நீண்ட கால வாரன்டி தருவாங்க. வாரன்டி முதல் ஓனருக்கு மட்டுமா, உங்களுக்கும் மாறுமான்னு கேளுங்க.

ரெண்டு எச்சரிக்கை

ஸ்பிரிங் இழுவிசையில இருக்கும், கழட்டும்போது தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அப்புறம், 1978-க்கு முன்னாடி கட்டின வீடுன்னா பெயின்ட்ல ஈயம் இருக்கலாம். குழந்தைங்க இருக்கிற வீட்டுல அதைச் சுரண்டவே வேண்டாம். ஈய பெயின்ட் வேலைக்குச் சான்றிதழ் வாங்கின ஆளைக் கூப்பிடுங்க.

அப்பவும் மாத்தித்தான் ஆகணும்னா?

மரம் உளுத்துப்போனா, ஃப்ரேம் விரிசல் விட்டா மாத்தறதுதான் சரி. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பனி மூட்டம் மட்டும் இருந்தா, கண்ணாடியை மட்டும் மாத்த முடியுமான்னு கேளுங்க. கையெழுத்துக்கு முன்னாடி இந்த மூணையும் கவனிங்க:

- "18 மாசம் வட்டியே இல்ல": இது 'டெஃபர்டு இன்ட்ரஸ்ட்' திட்டமான்னு படிங்க. அப்படின்னா, கெடு முடியறப்போ கொஞ்சம் பாக்கி இருந்தாலும் முதல் நாள்லேர்ந்து வட்டி போடுவாங்க.
- "டாக்ஸ் கிரெடிட் கிடைக்கும்": ஜன்னலுக்கு 600 டாலர் வரை கிடைச்ச ஃபெடரல் கிரெடிட், 2025 டிசம்பர் 31-க்குள்ள மாட்டின ஜன்னலோட முடிஞ்சுபோச்சு.
- "இந்த விலை இன்னைக்கு மட்டும்": அவசரப்பட்டு கையெழுத்து போட்டுட்டாலும் பதற வேண்டாம். சேல்ஸ்மேன் வீட்டுக்கு வந்து முடிச்ச விற்பனையை, ஃபெடரல் டிரேட் கமிஷன் விதிப்படி பெரும்பாலும் 3 வேலை நாளுக்குள்ள ரத்து பண்ணலாம்.

வாடகை வீட்டுல இருக்கீங்களா?

நீங்களே கழட்டாதீங்க. உடைஞ்சா டெபாசிட்ல பிடிப்பாங்க. ஓனருக்கு ஃபோட்டோவோட ஈமெயில் போடுங்க. பெட்ரூம் ஜன்னல்னா தள்ளிப்போடவே கூடாது. தீ பிடிச்சா வெளியே போற வழி அதுதான். அந்த வரியையும் மெயில்ல சேர்த்துடுங்க.

இந்த வீக்எண்ட் ஒரு வேலை பண்ணுங்க: வீட்டுல இருக்கிற எல்லா ஜன்னலையும் ஒரு தடவை தூக்கிப் பாருங்க. எது இறுக்கம், எது விழுது, எது சாயுதுன்னு எழுதி வைங்க. அடுத்த தடவை சேல்ஸ்மேன் வந்து "எல்லாத்தையும் மாத்தணும்"னா, அந்த லிஸ்டை எடுத்து நீட்டி, "இதுல எதுக்கு வெறும் பேலன்ஸ் போதும்?"னு கேளுங்க.