எட்டுப் பேர், ஓர் அடுப்பு, இரண்டு கிலோ மா

"அம்மா, கூட்டாளிமாரு கொஞ்சப் பேரு வர்றாங்க." கம்பஸிலிருந்து மகன் போனில் சொன்னது இவ்வளவுதான். கொஞ்சப் பேர் என்றால் எத்தனை பேர் என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. தோட்டத்தில் சிக்னல் அப்படித்தான், தொகையைச் சொல்லும் நேரம் பார்த்துத்தான் போகும்!

வந்தது எட்டுப் பேர். பேராதனையிலிருந்து கினிகத்தேனை வழியாக பஸ்ஸில் ஹட்டன், அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏற்றம். வந்து சேரும்போது பசி காதை அடைத்திருக்கும். இஸ்தோப்பில் சப்பாத்துகள் குவிந்துவிட்டன, பாட்டுக் கச்சேரியும் ஆரம்பித்துவிட்டது. அது முன்மேடை. நமக்கு வேண்டியது பின்மேடை. வாருங்கள், குசினிக்குள் எட்டிப் பார்ப்போம். தலையைக் குனிந்து வாருங்கள், நிலை தாழ்வு, புகை அதிகம்.

லயத்துக் குசினியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். இப்போது உள்ளே இருப்பதோ ஐந்து பேர்! கவ்வாத்து மலையிலிருந்து தலைச்சுமையாக வந்த மிலாறு அடுப்பில் படபடவென்று எரிகிறது. தேயிலைச் செடியின் காய்ந்த குச்சிதானே, சட்டென்று பிடிக்கும், சட்டென்று முடியும். ரொட்டிக்கு அந்தச் சூடுதான் சரி. மூலையில் காஸ் சிலிண்டர் ஒன்று துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. 2022 தட்டுப்பாட்டுக்குப் பிறகு அது அவசரத்துக்கு மட்டும் இறங்கி வரும் பெரிய மனுஷன்.

முதலில் அரிசிக் கணக்கு. வீட்டுக் கணக்கில் ஒரு சுண்டு அரிசி இரண்டு பேருக்குப் போதும். கம்பஸ் கணக்கில் ஒரு சுண்டு ஓர் ஆளுக்கே பத்தாது. மகாபொல பணம் வந்து சேரும்வரை கன்டீன் பார்சலில் பாதியைப் பகிர்ந்து தின்று பழகிய பிள்ளைகள், வீட்டுச் சாப்பாட்டைக் கண்டால் விடுவார்களா? எட்டுப் பேருக்குச் சோறாக்க இந்த வீட்டில் அவ்வளவு பெரிய சட்டியே இல்லை. ஆகவே அம்மாவின் தீர்ப்பு ஒரே வார்த்தையில் வந்தது: "ரொட்டி."

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சோறு ஒரே தடவையில் வெந்து, ஒரே தடவையில் தீர்ந்து, கடைசி ஆளுக்குச் சட்டியைச் சுரண்டும் சத்தம்தான் மிஞ்சும். ரொட்டி அப்படியில்லை. சுட்டுக்கொண்டே இருக்கலாம், பரிமாறிக்கொண்டே இருக்கலாம். ஒன்று தின்று முடித்து அடுத்ததற்குக் காத்திருக்கும் இடைவெளியில் வயிறும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளும். ஒரு கிலோ கோதுமை மாவில் ஏறக்குறைய 15 ரொட்டி வரும். இரண்டு கிலோவுக்கு 30. ஆளுக்கு மூன்று போக, வீட்டாருக்கும் மிஞ்சும். (மிஞ்சவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.)

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள்! அப்பா மா குழைக்கிறார். உப்பு, தேங்காய்ப்பூ, இளஞ்சூட்டுத் தண்ணீர். இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர் விட்டால் மா இறுகிக்கொண்டு அடம்பிடிக்கும். குழைத்ததை ஈரத் துணி போட்டு மூடி, ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் விடவேண்டும். தங்கச்சி உருண்டை பிடிக்கிறாள். மலையிலிருந்து கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த அம்மா, காலைக் கழுவிய ஈரம் காயுமுன்னே கையால் தட்டித் தட்டிக் கல்லில் போடுகிறார். அடுத்த காம்பரா அக்கா புரட்டுகிறார். ஐந்தாவது ஆள், அம்மியில் கட்டசம்பல் அரைக்கும் சித்தி. செத்தல் மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம், மாசி, கடைசியில் தேசிக்காய்ப் புளி. கண்ணீர் வராமல் அரைத்தால் அது கட்டசம்பலே இல்லை என்பது சித்தியின் கட்சி.

அக்கா எப்படி இந்தக் குசினிக்குள் வந்தார் என்று கேட்கிறீர்களா? அதுதான் விருந்தாளிகளுக்குத் தெரியாத பெரிய இரகசியம். இஸ்தோப்பில் இருக்கும் எட்டுப் பேரும் தங்களை ஒரு வீடு உபசரிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் லயமே சமைத்துக்கொண்டிருக்கிறது! முட்டை நான்கு மூன்றாம் காம்பராவிலிருந்து. பீங்கான் தட்டுகள் கோயில் கமிட்டிக்காரர் வீட்டிலிருந்து. கறிவேப்பிலையும் ரம்பையும் பின்பக்கத் தோட்டத்திலிருந்து, கேட்காமலே. இராத்திரி போர்த்திக்கொள்ளும் கம்பளிகள் எந்தெந்த வீட்டுடையவை என்பது காலையில் மடிக்கும்போதுதான் வெளிவரும். எதுவும் எழுதிவைக்கப்படுவதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை நாளைக்குக் கூட்டாளிமாரைக் கூட்டிவரும்போது இந்த வீட்டிலிருந்து மா போகும்.

பட்டியலைத் தீர்மானிப்பது நாட்காட்டியும்தான். சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வரும். 10க்குப் பிறகு வந்தால் கோழி, 20க்குப் பிறகு வந்தால் டின்மீனும் கிழங்கும், அடுத்த மாதம் பிறந்தபின் வந்தால் பருப்பும் அன்பும்! இந்தக் கூட்டம் வந்தது 6ஆம் திகதி.

பருப்பென்றால் மைசூர்ப் பருப்பு மட்டும். காரணம் விலை மட்டுமல்ல, உயரமும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். ஹட்டன் பக்கம் கொஞ்சம் கூடுதல். தண்ணீர் கொதிக்கிறது கொதிக்கிறது என்று நாம் பார்த்துக்கொண்டிருக்க, கடலை கல்லாகவே கிடக்கும். மைசூர்ப் பருப்புக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. மஞ்சள், பச்சை மிளகாய், பூண்டு போட்டு அவித்து, முதற்பாலை ஊற்றி, கடுகும் செத்தலும் தாளித்துக் கொட்டினால் அரைக் கிலோவில் எட்டு வயிறும் அடங்கும்.

இந்தப் பாலும் பூவும்தான் வீட்டுக்காரியின் தலைவலி. மலையில் தேங்காய் காய்க்காது, எல்லாம் கீழேயிருந்து ஏறி வரவேண்டும். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது 2024 செப்டம்பரில். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டு மேலே போனது. அப்போது கண்டுபிடித்த வித்தையை இப்போதும் விடவில்லை: கரட்டையும் லீக்ஸையும் பொடியாகச் சீவி மாவில் கலந்துவிட்டால் பாதித் தேங்காய் மிச்சம். மரக்கறிக்கு நுவரெலியாப் பக்கத்தில் என்ன குறை! ரொட்டியில் செம்மஞ்சளும் பச்சையும் புள்ளி புள்ளியாகத் தெரிய, ஒரு பையன் "ஸ்பெஷல் ரொட்டியா அம்மா?" என்று கேட்டான். "ஆமா தம்பி, ஒங்களுக்குன்னே." குசினிக்குள் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

யாழ்ப்பாணத்துப் பையன் "இன்னுமொண்டு தாங்கோ அம்மா" என்கிறான். சிங்களக் கூட்டாளி கட்டசம்பலின் உறைப்பில் மூக்கு ஒழுக, "அம்மே, ஹரிம ரசய்" என்று தட்டை நீட்டுகிறான். இஸ்தோப்பு மூலையில் அப்பாயி எல்லாருடைய தட்டையும் கவனித்துக்கொண்டே இருக்கிறார். "வயிறு நெறஞ்சுதா ராசா?" நான்கு தடவை கேட்டுவிட்டார். பையன்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது. 1973, 74இல் அரிசியும் மாவும் தட்டுப்பட்டு, தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்ததைச் சின்னப்பிள்ளையாகப் பார்த்தவர் அவர். திருகோணமலையில் பிரீமா மா ஆலை வந்ததெல்லாம் பிறகு, 1980இல். மா மூட்டை வீட்டில் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

இரவு பத்து மணிக்கு இரண்டாவது பசி. இதை எந்த அம்மாவும் எதிர்பார்த்தே வைத்திருப்பார். சோயாமீற் பக்கற் இரண்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து (பிழிவதில்தான் எல்லாம் இருக்கிறது, பிழியாத சோயாவைத் தின்பது தண்டனை), எண்ணெயில் முறுக வறுத்து, கறித்தூளும் வெங்காயமும் கிழங்கும் போட்டுப் பிரட்டினால், மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில் அதைக் கோழி என்றே நம்பவைக்கலாம். இப்போது கரண்ட் இருக்கிறது, நம்பமாட்டார்கள். ஆனாலும் சட்டி காலி.

மிஞ்சிய ரொட்டிகள் காலையில் கொத்தாகும் என்பது திட்டம். விறைத்த ரொட்டியைக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டி, லீக்ஸ், கோவா, கரட் வதக்கி, மூன்றாம் காம்பரா முட்டையை உடைத்து ஊற்றி, நேற்றைய பருப்பின் அடிமண்டியைச் சேர்த்துக் கிளறினால் ஹட்டன் டவுன் கடைக்கே சவால் விடலாம். மறுநாள் காலை எழுந்து மூடியைத் திறந்தால் தட்டில் ஒன்றரை ரொட்டி! இராத்திரி யார் எழுந்து வந்தது என்ற விசாரணையில் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை, மறுபடியும் மா குழைக்க உட்கார்ந்தார். அவர் மீசையிலும் ஒரு துணுக்கு இருந்ததாக சித்தி சொல்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே கேத்தல் நிறையத் தேத்தண்ணி. நல்ல ரகமெல்லாம் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும், வீட்டில் இருப்பது தூள். ஆனால் இஞ்சியைத் தட்டிப்போட்டு, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே சுடச்சுடக் குடித்தால் அந்தத் தூளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பச்சைக் கொழுந்தையே பொடியாக நறுக்கி, வெங்காயமும் தேசிக்காயும் விட்டுச் சம்பல் போடுகிற வீடுகளும் உண்டு. லேசாகத் துவர்க்கும், ரொட்டிக்கு வெகு பொருத்தம். கேட்டால் செய்துகொடுப்பார்கள், தயங்காமல் கேளுங்கள்.

நீங்களும் கூட்டாளி வீட்டுக்கு என்று தோட்டத்துப் பக்கம் கிளம்புகிறவர்களானால் ஒரு வார்த்தை. பேக்கரி கேக் பெட்டி வேண்டாம், அதை வெட்டி வைக்கக்கூடக் குசினியில் இடமிருக்காது. கீழேயிருந்து இரண்டு தேங்காய் கொண்டுபோங்கள். 10ஆம் திகதிக்கு முன்னால் போகிறவர்கள் நான்கு.