ஆப்பிள் சாறும் அரசாங்க வரியும்

நம் கடைகளில் ஆப்பிள் என்றால் தின்னும் பழம்தான். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள சாமர்செட், டெவன், ஹெரிபோர்டுஷைர் மாவட்டங்களிலோ, வாயில் வைக்க முடியாத துவர்ப்பும் புளிப்பும் கொண்ட ஆப்பிள்களுக்கென்றே தோப்புகள் உண்டு. பழமாக விலை போகாத இந்தச் சரக்கைச் 'சைடர்' என்னும் பானமாக்கிச் சிறு விவசாயிகள் காசாக்குகிறார்கள். இது மது வகைதான். நம்மில் பலருக்கு வேண்டாத சரக்கு. ஆனால் அதன் வியாபார வரலாறு வணிகர்கள் அறிய வேண்டியது.

இலையுதிர் காலத்தில் உதிரும் பழங்களைக் குவித்து, நன்கு கனியவிட்டு நசுக்குவார்கள். முன்பெல்லாம் வட்டக் கல்தொட்டியில் குதிரை கட்டி இழுக்கும் கல் சக்கரம். ஏறக்குறைய நம் செக்கு மாதிரிதான். நசுங்கிய விழுதை வைக்கோலோ துணியோ இட்டு அடுக்கடுக்காக வைத்து, மேலிருந்து அழுத்தினால் சாறு வடியும். அது மரப் பீப்பாயில் தானாகவே நொதித்து, குளிர்காலம் கழிந்ததும் விற்பனைக்கு வரும். சக்கை கால்நடைகளுக்கு. பண்ணையாட்களுக்குக் கூலியில் ஒரு பங்கைச் சைடராகவே அளந்தார்கள். 1887ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்தது.

இந்தத் தொழிலை முதலில் உலுக்கியது வரி. போர்க் கடனில் தவித்த அரசு 1763இல் ஒரு பெரிய பீப்பாய்க்கு 4 ஷில்லிங் வீதம் உற்பத்தியாளர் மீதே வரி போட்டது. வரி அதிகாரி வீடு புகுந்து சோதிக்கலாம் என்றானது. பணத்தைவிட இதுதான் மக்களைக் கொதிக்க வைத்தது, கலவரம் மூண்டது. மூன்றே ஆண்டில், 1766இல், வரி ரத்தாயிற்று.

அடுத்த அடி சரக்கின் தரத்தின் மீது விழுந்தது. டெவனில் சைடர் குடித்தவர்களுக்குக் கடுமையான வயிற்றுவலியும் கைகால் முடக்கமும் வந்தன. ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் சோதித்து, டெவன் சைடரில் ஈயம் கலந்திருப்பதை 1767இல் வெளியிட்டார். ஆலைக் கற்களின் இணைப்பில் ஊற்றிய ஈயத்தைப் புளித்த சாறு கரைத்திருந்தது. ஈயம் பயன்படுத்தாத ஹெரிபோர்டுஷைர் சரக்கில் அது இல்லை. பேக்கரே டெவன்காரர்தான், ஊர் வியாபாரத்தைக் கெடுத்தார் என்று ஏச்சும் பேச்சும் வாங்கினார். எனினும், ஈயத்தை அகற்றிய பிறகே நோய் தணிந்தது.

1976இல் சைடர் வரி மீண்டும் வந்தபோது அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. ஆண்டுக்கு 7,000 லிட்டருக்குள் தயாரிப்பவருக்கு விலக்கு அளித்தது. கணக்கும் வரியும் பெரிய ஆலைக்குச் சுமையல்ல, சிறியவனை முடக்கிவிடும் என்பதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு இது. இந்த விலக்கை நீக்குமாறு ஐரோப்பிய ஆணையம் 2015இல் கேட்டபோது பலத்த எதிர்ப்பு கிளம்பியது. பிரிட்டன் 2020இல் ஒன்றியத்தை விட்டே விலகியது.

போட்டிதான் இன்னும் தீரவில்லை. சைடர் என்று பெயரிட 35 சதவீதம் சாறு இருந்தால் போதும் என்பது பிரிட்டனில் 2010இல் வந்த விதி. முழுச் சாற்றில் தயாரிக்கும் பண்ணைக்காரரும், தண்ணீரும் சர்க்கரையும் சேர்க்கும் ஆலைக்காரரும் அங்கே ஒரே பெயரில்தான் விற்கிறார்கள்.