ஸ்பானிய வினைச்சொற்கள்: தமிழறிந்தோருக்கு எளிது ஏன்?

மும்பை: தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வாழும் தமிழ் மாணவர் ஸ்பானிய மொழி கற்க முனைந்தால், பெரும்பாலும் ஆங்கில வழிப் பாடநூலே கைக்குக் கிடைக்கிறது. வினைத்திரிபு அட்டவணையைக் கண்டு மலைப்பதற்கு அதுவே முதற்காரணம்.

ஆங்கிலத்தில் நான், நீ, நாம் ஆகிய மூன்றிற்கும் 'ஸ்பீக்' ஒன்றே. ஸ்பானியத்தில் 'பேசுதல்' என்பது 'அப்லார்'. இறுதி 'ஆர்' நீங்க, 'அப்ல்' என்ற பகுதி எஞ்சும். அதனுடன் விகுதி சேர்ந்து 'அப்லோ' (பேசுகிறேன்), 'அப்லாஸ்' (பேசுகிறாய்), 'அப்லாமோஸ்' (பேசுகிறோம்) எனத் திரியும். எழுவாய் தேவையில்லை, விகுதியே ஆளைக் காட்டிவிடும். தமிழர் பிறந்தது முதல் பேசிவரும் முறை இது. ஆங்கிலம் வழியே செல்வோர் இதைப் புதுமையாக மனனம் செய்ய நேர்கிறது.

எனினும் 'அப்லா' என்பது பேசுகிறான், பேசுகிறாள் இரண்டையும் குறிக்கும். பொருள்களுக்கும் பால் உண்டு. போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த 'மேசை', ஸ்பானியத்தில் 'மேசா', பெண்பால். இந்தியிலும் 'மேஜ்' பெண்பாலே என்பதால் மும்பைத் தமிழருக்கு இது விந்தையன்று.

உண்மையான இடறல் வேறிடத்தில். 'நான் மாணவன்' என்பது தமிழில் வினையின்றியே நிறைவுறும். ஸ்பானியத்தில் 'நான்' இல்லாமல் போகலாம், வினை இல்லாமல் போகாது: 'சோய் எஸ்துதியாந்தே'.