கட்டடக் கணக்கு – 9: மேல் கம்பியா, கீழ் கம்பியா?

எம்.இ. ஸ்ட்ரக்சுரல் முடித்த கையோடு டிசைன் ஆபீசில் சேர்ந்தவன் நான். கேட் தேர்வில் நல்ல ரேங்க். கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 தலைகீழ்ப் பாடம். ஈடாப்ஸ் சாஃப்ட்வேரில் பத்து மாடியைச் சாயங்காலத்துக்குள் எழுப்பிவிடுவேன். எட்டாவது மாதம்தான் முதல்முறையாக சைட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வீட்டின் பால்கனி. சுவரிலிருந்து நாலடி வெளியே நீளும் கான்டிலீவர் ஸ்லாப். மறுநாள் காலை கான்கிரீட்.

சென்ட்ரிங் மேல் ஏறிப் பார்த்தால், மெயின் கம்பியெல்லாம் அடியில் படுத்திருக்கிறது. மேஸ்திரியைக் கேட்டேன்.

"ஸ்லாப்புக்குக் கம்பி அடியிலதானே சார் போடுவோம்? முப்பது வருஷமா அப்படித்தான் கட்டுறேன்."

பாதி சரி. இரண்டு சுவருக்கு நடுவே கிடக்கிற ஸ்லாப் நடுவில் தொய்யும், இழுபடுவது அடிப்பக்கம். ஒரு முனையில் மட்டும் பிடிமானமுள்ள பால்கனியோ தலை கவிழப் பார்க்கும். அங்கே இழுபடுவது மேல்பக்கம். கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்புக்கு விரிசல் விடும். கம்பி இடம் மாறினால் அந்தப் பால்கனியில் கம்பியே இல்லாத கதைதான்.

சூத்திரம் சொல்லி ஆகாது. பக்கத்தில் கிடந்த பழைய ரப்பர் செருப்பை எடுத்தேன். மேலே ஒரு வெடிப்பு இருந்தது. குதிகால் பக்கத்தை இறுகப் பிடித்து முன்பக்கத்தைக் கீழே அழுத்தினேன். வெடிப்பு வாயைத் திறந்தது. மேஸ்திரி செருப்பை வாங்கி அவரும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். "சரி சார், பிரிச்சுடுறோம். ஆனா இதை டிராயிங்லயே போட்டிருக்கலாமில்ல?"

போட்டிருக்கலாம். என் டிராயிங்கில் அந்த இடத்துக்குத் தனி செக்‌ஷனே இல்லை. பிளானைப் பார்த்தாலே புரியும் என்று விட்டிருந்தேன். அன்று இரவு ஒன்பது மணிக்குக் கம்பி மேலேறியது. ஆள் மிதித்தால் இறங்காமலிருக்கச் சேர் கம்பிகளை நெருக்கி வைத்தோம்.

எனக்கு ஓர் இரவோடு போயிற்று. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கான்சாஸ் நகரில் 1981 ஜூலை 17 அன்று அப்படிப் போகவில்லை. ஹயாத் ரீஜென்சி ஹோட்டல், திறந்து ஒரு வருடம்தான். கூடத்தில் நடன விழா. அதன் மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள் கூட்டத்தின் மீது விழுந்தன. 114 பேர் இறந்தார்கள்.

இரண்டாம் மாடிப் பாலமும் நான்காம் மாடிப் பாலமும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பிகளில் தொங்குவதாகத்தான் முதலில் திட்டம். அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது தொல்லை என்று கம்பியை இரண்டாக்கினார்கள்: கூரையிலிருந்து மேல் பாலம், மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலம். ஒரே கிணற்றுக் கயிற்றை இருவர் பிடித்துத் தொங்குவதற்கும், மேலே இருப்பவன் காலைக் கீழே இருப்பவன் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம். கயிற்றுக்கு அதே சுமை. மேலே இருப்பவன் கைக்கு இரட்டை. முதல் திட்டப்படியே கட்டியிருந்தாலும் அந்த இணைப்பின் பலம் நகர விதி கேட்டதில் 60 சதவீதம்தான் என்று அரசு ஆய்வு பிறகு சொன்னது. மாற்றிய டிராயிங்கில் இன்ஜினியரின் முத்திரை இருந்தது. மிசௌரி மாநிலம் பொறுப்பான இன்ஜினியர்களின் உரிமத்தைப் பறித்தது.

"எந்த சாஃப்ட்வேர் படிக்கணும் சார்?" என்றுதான் மாணவர்கள் எனக்கு எழுதுகிறார்கள். அது மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் முதல் ஒரு வருஷம் சைட்டில் இருங்கள். வேலைக்குச் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரம் உங்கள் தெருவில் எங்காவது சன்ஷேடுக்குக் கம்பி கட்டினால், அனுமதி கேட்டு ஏறிப் பாருங்கள். மெயின் கம்பி மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

(தொடரும்)